மண்டபத்துக்கு வராத கேப்டன்

பள்ளிபாளையம் மண்டபத்தில் அன்று காலை அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். இணைச்சீர்ச் சடங்குக்கு என் பக்கத்தில் நிற்க வேண்டிய அக்கா, பட்டுச்சேலையும் கூடையுமாக இருந்தாள். மங்கல வாழ்த்துப் பாட வந்தவர் இருந்தார். தலை நிறையப் பூவோடு மணப்பெண்ணாக அவள் இருந்தாள். நான் இல்லை. மாப்பிள்ளை நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா நாமக்கல் லாரிகளில் முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். சரக்குக் கப்பலில் நான் கேப்டன் ஆனதும், "பையன் பெரிய வண்டி ஓட்டறானுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார்.

அவளும் நானும் ஆறு வருடம் பழகினோம், பெரும்பாலும் போனில். தறிப்பட்டறை வைத்திருந்த அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தம்பி, சீர்ல ஒரு கொறையும் வெக்க மாட்டனுங்க. சொன்ன தேதிக்கு நீங்க மணவறையில இருக்கோணும். அது ஒண்ணுதான்."

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அதென்னுங்க சம்பந்தி, ஒரு ஆக்டிங் டிரைவரப் போட்டுட்டு வந்துட்டாப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு மாற்றாக வேறொரு கேப்டன் சிங்கப்பூரில் காத்திருந்தார். அங்கே போய்ச் சேர ஒரு நாள் ஓட்டமும் முகூர்த்தத்துக்கு மூன்று நாளும் இருக்கும்போது, மீன்பிடிப் படகு ஒன்று மூழ்கிவிட்டதாகவும் ஏழு பேரைக் காணவில்லை என்றும் கப்பலின் வானொலியில் செய்தி வந்தது. கப்பலைத் திருப்பினேன். அன்று முழுவதும் தேடினோம். மறுநாள் காலை இன்னொரு கப்பல் வந்து சேர்ந்தது. தேடுதலை நடத்திய கரைக்காரர்கள் எங்களை இனிப் போகலாம் என்றார்கள்.

"சார், அவங்க பாத்துக்கிடுவாங்க. நீங்க கல்யாண மாப்பிள்ளை" என்றார் தூத்துக்குடிக்காரரான முதல் அதிகாரி.

போகவில்லை. மேலும் ஒன்றரை நாள் தேடினேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆளைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தாலி கட்டப் போனவன் என்று பின்னால் யாராவது சொல்வார்களோ என்ற பயமும் இருந்தது. கிடைத்தது ஒரு நீல டிரம்மும் ஒற்றைச் செருப்பும்.

கப்பலிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். "வர முடியாதுங்கப்பா. அவங்க ஊட்டுல இப்பவே சொல்லிருங்க."

"செரி சாமி, நான் பாத்துக்கறேன்."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. லாரியில் நேரம் போனால் ராத்திரியெல்லாம் மிதித்துப் பிடித்துவிடலாம். முப்பது வருடமாக அவர் அப்படித்தான் பிடித்திருக்கிறார். "பிளேன்ல வாரான், நேரா மண்டபத்துக்கே வந்துருவான்" என்று முகூர்த்தம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்கு நானும் அப்பாவும் போனோம்.

"எத்தன பேரக் காப்பாத்துனீங்க தம்பி?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

"யாரையும் இல்லீங்க."

"அப்பறம்?"

அவள்தான் காபி கொண்டுவந்தாள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல.

"வேற கப்பல் வந்தப்பவே பொறப்பட்டிருந்தா வந்து சேந்திருக்கலாமில்லீங்க?" என்றாள்.

"சேந்திருக்கலாம்."

"அப்ப முடியாம இல்ல. வரல."

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவளிடம் நான் பேசியதில்லை.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வழியில கவுந்து கெடந்த வண்டிய எத்தனையோ பாத்திருக்கறேன் சாமி. ஒண்ணுக்கும் நின்னதில்ல. நின்னிருந்தா நீ படிச்சிருக்க மாட்டே."

அந்த வீட்டில் எனக்காகப் பேசிய பேச்சா, என்னைக் குத்திய பேச்சா என்று இன்றுவரை நான் அவரைக் கேட்கவில்லை. பொய் சொன்னதற்காக அவரை நான் மன்னிக்கவும் இல்லை.

நின்றுபோன கல்யாணத்தின் செலவு முழுவதும் மாப்பிள்ளை வீட்டார் தலையில்தான் என்று அவளுடைய மாமா சொன்னார். அப்பா பேரம் பேசவில்லை. கப்பலில் எனக்கு அது அரை மாதச் சம்பளம்கூட இல்லை. மண்டபம், சாப்பாடு, பந்தல், பூ எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.