ஏசப் பழகிய முகாமையாளர்

முரசுமோட்டையில் நெல் விளைவிக்கும் கமக்காரர் சிலர் கூடிப் பங்கு போட்டுத் தொடங்கிய நெல் ஆலைக் கம்பனியில் நான் கிளாக்கராக இருந்தேன். அங்கே ஆலையை நடத்த முகாமையாளராக வந்தவர் மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ஆலையில் வேலையாட்கள் நினைத்த நேரத்துக்கு வந்துபோனார்கள். "கம்பனி நடத்த உமக்கு வாய் காணாது" என்று பங்காளிகள் கூட்டத்தில் வைத்தே சொன்னார்கள்.

அதன் பிறகு அவர் ஏசப் பழகினார். காலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே உரத்துப் பேசிப் பார்ப்பது எனக்குக் கேட்கும். சில மாதங்களில் அது கைவந்துவிட்டது. அவர் தலை தெரிந்தாலே ஆலைக்குள் பேச்சு நின்றுவிடும். பங்காளிகளுக்குப் பெரிய சந்தோஷம்.

ஒருநாள் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து அடித்ததில் ஒரு தொழிலாளிக்குக் கண் போயிற்று. பெல்ட் நைந்திருந்தது மற்றத் தொழிலாளிகளுக்கு முன்பே தெரியும்.

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்று முகாமையாளர் கேட்டார்.

"சொன்னா ஏசுவியள் எண்டு பயந்தனாங்கள், ஐயா."

அன்றோடு அவர் ஏசுவதை விட்டுவிட்டார். "ஏதும் பழுதெண்டா வந்து சொல்லுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார். எல்லோரும் பணிவாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் வந்து சொல்லவில்லை. கூச்சத்தோடேயே இருந்திருக்க வேண்டுமா, ஏசிக்கொண்டே இருந்திருக்க வேண்டுமா, அவர் எப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.