மீதி இருபத்தைந்து கிலோமீட்டர்

அந்த டயர் கடையில் அவருக்கு ஸ்கேன் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். கேலியாகத்தான் வைத்தார்கள், நாளடைவில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றியதும் வலது கையை முழங்கை வரை உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுச் சுற்று தடவிப் பார்ப்பார். அது முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இன்று காலை வந்திறங்கிய புது டயருக்கும் இதே மரியாதைதான். அவசரக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

இந்த வழக்கம் சும்மா வரவில்லை. பதினாறு வருடங்களுக்கு முன்பு அவர் கணவர் ஒரு லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்த டயர். உள்ளே இற்றுப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. வெடித்த வேகத்தில் மனிதர் சுவரில் போய் மோதினார். உயிர் தப்பியது, இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, அதுவரை ரசீது எழுதிக்கொண்டிருந்த இவர் காற்றுக் குழாயைக் கையில் எடுத்தார். தன் கை உள்ளே போய் வராத எந்த டயருக்கும் இந்தக் கடையில் காற்று கிடையாது என்று அன்றைக்குச் சொன்னார். இன்றுவரை அந்தப் பேச்சில் மாற்றமில்லை.

ஒரு நாள் கடைக்கு வந்த கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்னபோது அந்த அம்மாள் அழவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “போய்த்தான் ஆகணும்னா, பார்க்கிறவங்க வயிறெரியற மாதிரி வண்டியில போகணும்.” வாழ்நாளில் சிவப்பு விளக்கைத் தாண்டியறியாத வாத்தியார், அடுத்த மாதமே பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். இரண்டே இருக்கை. தெருவே வாயைப் பிளந்தது.

வண்டியோடு வந்தவை ரன்ஃபிளாட் டயர்கள். பக்கச் சுவர் தடிமனான டயர். காற்று முழுக்க இறங்கினாலும் வண்டியைத் தாங்கிக்கொண்டு ஓடும். ஆனால் கல்லு மாதிரி. சாலையில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் திரும்பி வரும் வழியில் அம்மாள் ஊசி குத்திய கையை மார்போடு அணைத்துக்கொள்வார். வாய் திறந்து சொன்னதில்லை. வாத்தியார் ஓரக்கண்ணால் பார்த்துப் புழுங்குவார். சாதா டயர் போட்டால் மெத்தென்று போகலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், நடுவில் கடை கண்ணி கிடையாது, வண்டியில் மாற்றுச் சக்கரம் வைக்க இடமும் கிடையாது. டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோனவளை வெயிலில் ரோட்டோரம் உட்கார வைப்பதா? நான்கு நாள் உட்கார்ந்து இரண்டு பத்தியில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வசதிக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டினார். இரண்டுக்கும் பதினொன்று வந்தது.

அந்த அட்டவணையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த இந்தக் கடைக்கு வந்தார். மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டாயிற்று, நான்கு மணி நேரம் கையில் இருந்தது. எந்த டயர் நல்லது என்று கேட்டார். ஸ்கேன் அக்கா தாளை வாங்கவில்லை. இப்போது என்ன கோளாறு என்று திருப்பிக் கேட்டார்.

வாத்தியார் விவரமாகச் சொன்னார். போன வாரம் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின் டயர் ஒன்றில் காற்றே இல்லை. அப்படியே முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டையை அடைத்துக் காற்றடித்தாயிற்று. இன்று காலை வரும் வழியில் மறுபடி விளக்கு எரிந்தது. இருபது கிலோமீட்டர் வந்தார்கள்.

“காத்து இல்லாம எண்பது கிலோமீட்டர் போகும்னு புத்தகத்துல போட்டிருக்கு. முப்பத்தஞ்சும் இருபதும் அம்பத்தஞ்சு. மீதி இருபத்தஞ்சு இருக்கு. வீட்டுக்கு முப்பத்தஞ்சு. பத்துதான் இடிக்குது, அதான் வந்தேன்” என்றார்.

கல்லாவிலிருந்த கணவர் கேட்கும் காதைத் திருப்பினார். ஸ்கேன் அக்கா டயரைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார்.

வாத்தியார் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்கள் மூடியிருந்தன. கை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கால் சுற்றில் புருவம் சுருங்கியது. அரைச் சுற்றில் கை நின்றது, பின்வாங்கியது, மறுபடி அதே இடத்துக்குப் போனது. எத்தனையோ பேர் கரும்பலகையில் கணக்குப் போடுவதைப் பார்த்தவர் அவர். ஒரு விடையை ஒருவர் இவ்வளவு பொறுமையாகத் தேடி இதுவரை பார்த்ததில்லை.

கை வெளியே வந்தது. உள்ளங்கை நிறையக் கறுப்புத் துகள்.

“நீங்களும் விட்டுப் பாருங்க சார்.”

விட்டுப் பார்த்தார். வெளியே வழுவழுவென்று இருந்த டயர், உள்ளே பொரபொரவென்று உதிர்ந்தது. பிள்ளைகள் அழித்து அழித்து எழுதும் நோட்டில் குவிந்து கிடக்குமே ரப்பர் துகள், அதே மாதிரி. விரலால் லேசாக அழுத்தினார். சுவர் உள்ளே குழிந்தது.

“காத்து இல்லாதப்போ இது தன்னைத்தானே அரைச்சுக்கிட்டுத்தான் உங்களைத் தூக்கிட்டுப் போகுது. ஒரு தடவை தூக்கினா அதோட சரி, கழட்டிடணும். மீதியெல்லாம் வெக்காது சார். காலையில நீங்க வந்து சேர்ந்ததே பெரிசு.”

காலையில். பக்கத்து இருக்கையில் அவள் இருந்தாள். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். வாத்தியார் பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ரன்ஃபிளாட் நல்ல டயர்தான் என்றார் ஸ்கேன் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே. “ஆனா அது விளக்கைப் பார்த்துப் பயப்படறவங்களுக்கு. நீங்க விளக்கைப் பார்த்தா கணக்குப் போடறீங்க. சாதா டயர் உங்களைக் கணக்குப் போட விடாது. காத்து போனா உட்கார்ந்துடும், நீங்க நின்னுதான் ஆகணும்.”

முப்பத்து நான்கு வருடம் பிறர் கணக்கைத் திருத்தியவர் தலையாட்டினார். நான்கும் சாதா டயர் போடச் சொன்னார். நான்கு புது டயருக்குள்ளும் அந்தக் கை சுற்றி வந்தது. இந்த முறை வாத்தியார் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓட்டையை அடைக்கும் பசை டப்பாவும் சின்னக் காற்றடிக்கும் பம்பும் இருக்கைக்குப் பின்னால் ஏறின. அவற்றை எப்படிப் போடுவது என்று அவரையே இரண்டு தடவை செய்ய வைத்தார் அக்கா. அதையும் மீறி நின்றால் போன் செய்யுங்கள், இழுத்து வர நானே வருகிறேன் என்றார் கணவர்.

ஆஸ்பத்திரியை விட்டு வண்டி கிளம்பி முதல் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அம்மாளின் கை மடியிலேயே கிடந்தது. அவர் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்.

“ரோடு புதுசா போட்டாங்களா?”

இல்லை என்றார் வாத்தியார். அப்போதுதான் ஸ்டீயரிங்மேல் இருந்த அவர் கையை அம்மாள் பார்த்தார். இன்னும் கழுவாத கறுப்பு. என்ன அது என்று கேட்டார். எதையும் மழுப்பிவிடலாம், இதை மழுப்ப வாத்தியாருக்கு மனம் வரவில்லை. எண்பதிலிருந்து ஆரம்பித்து, மீதி இருபத்தைந்து வரை ஒன்று விடாமல் சொன்னார். தப்பு என்னுடையது என்றும் சொன்னார்.

அம்மாள் அந்தக் கறுப்புக் கைமேல் தன் கையை வைத்தார்.

“வண்டியைத் திருப்புங்க. அந்தம்மா கையை நான் பார்க்கணும்.”

அவர்கள் போய் நின்றபோது ஸ்கேன் அக்காவின் கை ஒரு லாரி டயருக்குள் முழங்கை வரை போயிருந்தது. கண் மூடியிருந்தது. வாய் திறக்கப்போன மனைவியின் தோளைத் தொட்டு, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார் வாத்தியார். சுற்று முடியட்டும் என்று இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.