சோற்று வரிசையில் ஏட்டையா

பொங்கல் ஜல்லிக்கட்டுத் தகராறு அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. மாடு பிடிபட்டதா இல்லையா என்று பத்தாம் வகுப்புப் பையன்கள் தெருவுக்குத் தெரு கட்சி கட்டி அடித்துக்கொண்டார்கள். அவனியாபுரத்தில் நான் சத்துணவு ஆயாவாக இருந்த பள்ளி அது. வாசலுக்கு ஒரு ஏட்டையாவைக் காவல் போட்டார்கள். கடா மீசை, நல்ல தொப்பை. பெரிய பையன்கள் அடங்கிப் போனார்கள்.

எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அதிசயம். தண்ணீர் குடிக்க அவர் உள்ளே வந்ததும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கபக்கபவென்று விழுங்கினார்கள். கீரையைக்கூட விடவில்லை.

"என்ன ஆயா, தட்டெல்லாம் கழுவி வச்ச மாதிரி இருக்கு!" என்று டீச்சர் சிரித்தார்.

ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும் மெதுவாகத்தான் சாப்பிட வரும். அவள் தட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கே ஓடிவிட்டாள். அப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. அவள் அம்மா வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

"சாப்பிடலன்னா போலீசு பிடிச்சுட்டுப் போயிரும்னு சொல்லித்தான் ஊட்டுவேன் அத்தை. இப்ப நெசமாவே வந்து நிக்கிறாரே! நான் வேலைக்குப் போகணும், அவள வீட்டுல ஒத்தையில எப்படி விட?"

மற்ற பிள்ளைகள் விழுங்கியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எல்லா வீட்டிலும் அதே மிரட்டல்தான்.

ஏட்டையாவிடம் சொல்லியாக வேண்டும். நானோ, கண்டக்டரிடம் இறங்கும் இடம் சொல்லவே கூசுகிறவள். கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலுக்குப் போய், கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"அட, நான் தண்ணிதானேம்மா குடிச்சேன்!" என்றார். மீசையைத் தடவி யோசித்தார். "நாளைக்கு அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. எனக்கும் ஒரு தட்டு வைங்க."

மறுநாள் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தபோது, ஏட்டையா பிள்ளைகள் வரிசையில் சம்மணம் போட்டிருந்தார். சாம்பார் சாதத்திலிருந்த கத்தரிக்காயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். வேண்டுமென்றே செய்தாரா, நிஜமாகவே பிடிக்காதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் சேலையை விட்டுவிட்டாள்.

"ஆயா! போலீசு கத்திரிக்காய ஒதுக்குது!"

"எனக்குப் பிடிக்காது தாயி."

"அப்ப ஒங்கள யாரு பிடிச்சுட்டுப் போவா?"

"இன்ஸ்பெக்டரு. சொல்லிராத ஆத்தா."

அவள் கூடத்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரும் இல்ல. மெதுவாச் சாப்பிடுங்க."

மணி அடித்து மற்ற பிள்ளைகள் கை கழுவப் போன பிறகும் இரண்டு பேரும் சாவகாசமாகப் பிசைந்துகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வந்துவிட்டார்.

"வாசல்ல யாரையும் காணோமே ஏட்டையா?"

"இந்தா வாரேன் டீச்சர். இந்தப் பிள்ளை விட மாட்டேங்குது."

நான் இரண்டு தட்டிலும் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.