ஆச்சிப்பிள்ளையின் கால்

ஐம்பத்தெட்டு வயதில் ஆச்சிப்பிள்ளை மறுபடியும் கைக்குழந்தை தூக்கினாள். சுனாமியாய் நாவலடிக்குள் கடல் வந்த காலையில், மகள் கேதீஸ்வரியின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் டவுணிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பிப் போக வீடும் இல்லை, மகளும் இல்லை. மருமகன் வினாயகமூர்த்தி தென்னையைப் பிடித்துத் தப்பியிருந்தான்.

முகாமில் அவள் சுவரோடு சரிந்து கிடந்தாள். சோற்றுப் பார்சலைத் தொடவில்லை. எட்டு மாதப் பேரன் டிலக்சன் பசித்து அழுதபோதுதான் எழுந்தாள். சோற்றைக் குழைத்து அவனுக்கு ஊட்டினாள்; மிச்சத்தைத் தானும் தின்றாள். பிள்ளைகள் இல்லாவிட்டால் அக்கா எழும்பியிருக்கவே மாட்டாள் என்று தங்கை பின்னாளில் சொல்வாள். அதில் பொய் இல்லை.

பிறகு திராய்மடுக் குடியேற்றத்தில் வீடு கிடைத்தது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகப் பயந்த வினாயகமூர்த்தி கட்டாருக்கு வேலைக்குப் போனான். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் சமைப்பதும் பின்னால் ஓடுவதும் அவள் பாடாயிற்று. டிலக்சன் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். அவளுக்குச் சுனாமிக்கு முன்பே சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. கிளினிக் நாளில் விடியவே போய் வரிசையில் இருக்க வேண்டும். பிள்ளைகளை யாரிடம் விடுவது? ஒரு மாதம் தவறியது, பிறகு போவதே நின்றுபோனது. கையிலிருந்த மருந்துக் குளிசைகளைப் பாதியாக முறித்து விழுங்கினாள். பாதம் விறைத்தது. வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

சண்டை முடிந்த வருடம் ஒருநாள், பள்ளியால் வந்த மூத்த பேத்தி தனுஷா வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மம்மா, நிலமெல்லாம் ஏன் ரெத்தம்?"

உடைந்த போத்தல் ஓடு ஒன்று பாதத்தில் ஏறியிருந்தது. அவளுக்கு நோகவே இல்லை. கழுவித் துணி கட்டிக்கொண்டு உலை வைத்தாள். புண் மணக்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

செய்தி கேட்டு வினாயகமூர்த்தி லீவில் வந்தான். கட்டிலருகே நின்று, "கால் ஆறினாப் பொறகு முந்தி மாதிரியே பாத்துக்கொள்ளுங்க மாமி. நான் காசு கூட்டி அனுப்புறன்" என்றான்.

"எனக்கு ஏலாது மருமகன்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "புள்ளைகள் உங்கள விட்டுட்டு இரிக்குமா?"

"நான் எங்கயும் போகல்ல. அந்த வீட்டிலதான் இரிப்பன். ஆனா தூக்க, ஓட, சமைக்க இனி என்னால ஏலாது. தகப்பன் நீங்க இஞ்ச நில்லுங்க."

அவன் வெளியே போனான். மனம் நொந்துதான் போனான். ஆனாலும் கட்டாருக்குத் திரும்பவில்லை. கடலுக்குப் போகாமல் வாவியில் வலை வீசத் தொடங்கினான். சமைக்கப் பழகினான்; கறியில் உப்பு கூடும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆச்சிப்பிள்ளை பேசாமல் சாப்பிடுவாள்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அவள் படுத்துத் தூங்கினாள். அந்தத் தூக்கம் இனித்தது. இனிக்கிறதே என்று மகளை நினைத்துக் கூசினாள். பிறகு கூச்சமும் குறைந்தது. கிளினிக்குக்குத் தவறாமல் போனாள், சீனி இறங்கியது, புண் ஆறியது. நடையில் சாய்வு மட்டும் போகவில்லை. பின்னேரங்களில் கதிரையில் இருந்தபடி தனுஷாவுக்குத் தலை பின்னிவிடுவாள். டிலக்சன் மடியில் ஏற வந்தால், "பக்கத்தில இரி மனே" என்பாள்.