ரிஜெக்ட் ஆன ரத்தப் பரிசோதனை

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வந்தது ஏதோ தூக்க வியாதி என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் நாற்பது தையல் மிஷின் ஒன்றாகக் கத்தும். அந்தச் சத்தத்திலும் நாற்காலியில் உட்கார்ந்தபடி குறட்டை விட்டேன். எதன் மேலும் ஆசை இல்லை. பிரியாணி மேல் இல்லை, புது பைக் மேல் இல்லை, கட்டிய மனைவி மேலும் இல்லை. சொல்வதற்கு இப்போது என்ன வெட்கம்?

மனைவிதான் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் பனியனைத் தூக்கி எறிவாள். அப்படிப்பட்டவள் என்னை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள், "பாப்பாவுக்குப் பரீட்சைங்க, தொணைக்குப் படுத்துக்கறேன்" என்று மகள் அறைக்குப் போனாள். பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டது, ஆள் திரும்பி வரவில்லை. என்னை ஆம்பளையாகவே மதிக்கவில்லை, இனி ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரர் மாதிரிதான் காலம் ஓடும் என்று பயம் பிடித்துக்கொண்டது.

யாருக்கும் சொல்லாமல் கோயமுத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றில், இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். "டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் உங்களுக்கு ரொம்பக் கம்மியா இருக்குதுங்க. அதுதான் இத்தனைக்கும் காரணம். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம். ஊட்டுலயும் சொல்லிப்போடுங்க" என்றார். சொல்வதாவது! நூல் வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று புளுகிவிட்டு இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன்.

ரிப்போர்ட்டை வீட்டில் வைத்தால் மாட்டிக்கொள்வேன். மூளையைக் கசக்கி, கம்பெனியில் துணிச் சோதனை ரிப்போர்ட்டுகள் இருக்கும் ஃபைலுக்குள் அதைச் செருகினேன். துணி எவ்வளவு சுருங்கும், சாயம் எவ்வளவு போகும் என்று பக்கம் பக்கமாக எண்கள். அதை எவன் புரட்டப் போகிறான்?

எங்கள் ஆபீஸ் பெண் ஃபைல் மொத்தத்தையும், எங்களிடம் பனியன் வாங்கும் பையருக்கு ஃபேக்ஸ் பண்ணிவிட்டாள்.

மறுநாள் நான் காதர்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பையர் ஆபீசிலிருந்து போன். மனைவி எடுத்திருக்கிறாள். அங்கே எண்களுக்கு மட்டும் டிக் அடிக்கிற ஆள் ஒருத்தன். "மேடம், கடைசிப் பக்கத்துல டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஐட்டம் மினிமத்துக்குக் கீழ இருக்கு. சரி பண்ணி, மறுபடி டெஸ்ட் எடுத்து அனுப்புங்க. அதுவரைக்கும் ஷிப்மென்ட் ஹோல்ட்."

வந்ததே கோபம் அவளுக்கு! டையிங்காரன்தான் ஏதோ கெமிக்கலில் கைவைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, அந்தப் பக்கத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலோடு ஸ்கூட்டியில் சாயப்பட்டறைக்கே போய்விட்டாள். அங்கே நடந்ததை டையிங் மாஸ்டர் பிறகு என்னிடம் ரசித்து ரசித்துச் சொன்னார். அறுபது வயது மனுஷன், கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா?

"ஏனுங்க, இந்தக் கெமிக்கல ஏன் இத்தனை கம்மியாப் போட்டீங்க?" என்று சத்தம் போட்டிருக்கிறாள்.

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்திருக்கிறார். "அம்மணி, நம்ம பட்டறையில இதெல்லாம் கலக்கறதில்லீங்க. இதுல உங்க ஊட்டுக்காரரு பேரு போட்டிருக்குது. வயசு நாப்பத்தி மூணு. ஆண்னு வேற போட்டிருக்குதுங்க."

நான் திரும்பி வந்தபோது என் மேஜை மேல் அந்த ரிப்போர்ட் கிடந்தது. பக்கத்தில் அவள். போச்சுடா, மானம் கப்பல் ஏறியது! சிரிப்பாள் அல்லது கத்துவாள் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

"பையர்கிட்ட அது தப்பா வந்த பக்கம்னு சொல்லிட்டேன். இது எப்ப இருந்துங்க?"

"ரெண்டு வருஷமா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

"அப்ப என்னையப் புடிக்காமப் போயி இல்லீங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்கல்ல, அதுக்கப்புறம் நீங்க கிட்டயே வரலீங்க. இனி நான் எதுக்கு ஆவேன்னு நெனச்சுட்டேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதானுங்க பாப்பா ரூமுக்குப் போனேன். தெனமும் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுவேன்."

என் மானத்தைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் இவள் அழுதிருக்கிறாள். மடையா, மடையா என்று மனசுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அடுத்த ஊசிக்கு நானும் வர்றனுங்க."

"நீ எதுக்கு?"

"உங்களுக்கு வலிக்கறதப் பாக்கோணும். ரெண்டு வருஷம் அழ வெச்சீங்கல்ல?"

சொன்னபடியே வந்தாள். நர்ஸ் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். அது எண்ணெய் மருந்து, சீக்கிரம் இறங்காது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் கிடந்தேன். தலைமாட்டில் நின்றவள்தான் கத்தினாள்: "ஐயோ, மெதுவாங்க சிஸ்டர், மெதுவா!"