மலைக்கு உரிய தெய்வம்

டிவி வினாடி வினாவில் என் மனைவி தோற்றுப்போனது, ஒரு மாதத்துக்கும் மேலாக எங்கள் தெருவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. படப்பிடிப்பைச் சென்னையில் முடித்துவிட்டு, ஒளிபரப்பாகும் வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜெயித்தவருக்கு ஃபிரிட்ஜ், தோற்றவருக்கு மிக்ஸி. எங்கள் மிக்ஸி அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. வருகிறவர்கள் பார்த்தால் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு வைத்திருந்தாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மெஷினில் வைக்க வந்த தாள்களும், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மனிதர்களும்தான். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டத்தில் யாராவது ஒருவர், வாரம் முழுக்க மென்றுகொண்டிருக்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு தடவை, "மனு குடுத்தா காது குடுப்பாங்கன்னு வந்தேன், ரசீது குடுத்து அனுப்பிட்டாங்க" என்றார். இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி தமிழ் படித்தவள். முதலில் சிரிப்பாள், பிறகு அதில் என்ன அணி இருக்கிறது என்று யோசிப்பாள்.

அவள் எங்கள் வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறாள். கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விட்டு மிச்சமிருக்கிற நேரத்தில்தான் பிள்ளைகள் தமிழுக்கு வருவார்கள். அரசு வேலைக்குப் பல தடவை தேர்வு எழுதியும் கிடைக்காமல் போய், கடைசியில் அந்தச் சின்ன அறையில்தான் அவள் டீச்சர் ஆனாள். தெருவில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. பால்காரம்மாவிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் டீச்சரம்மாதான். நிகழ்ச்சிக்கு அவள் பெயரை அனுப்பியதே அந்தப் பிள்ளைகள்தான்.

படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஏசி குளிர் எலும்பு வரை போனது. பார்வையாளர்களுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றார். அவர் கை தூக்கினால் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். என் கடை மெஷின்கூட அவ்வளவு கீழ்ப்படியாது. என் மனைவிக்கு எதிரே நின்றவர் கடற்கரை ஊர்க்காரர், வங்கியில் வேலை. இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கிரிக்கெட்டில் அவர் முந்தினார், சமையலிலும் சரித்திரத்திலும் இவள் முந்தினாள். கடைசிக் கேள்விக்கு வரும்போது இருவரும் சமமாக நின்றார்கள். கடைசிக் கேள்வி இலக்கியம் என்று தொகுப்பாளர் அறிவித்ததும் அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டவளின் முகம் அது.

பழந்தமிழ் இலக்கியம் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தைச் சொல்கிறது, அதில் மலைக்கு உரிய தெய்வம் யார் என்று கேட்டார் தொகுப்பாளர். அவர் கேட்டு முடிப்பதற்குள் இவள் பொத்தானை அழுத்திவிட்டாள். அழுத்திய கை அப்படியே மேலே போய் இரண்டு கன்னத்தையும் தொட்டது.

"அண்ணாமலையார்" என்றாள்.

உறுதியாகச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. தட்டுவதற்குக் கைகளைத் தூக்கிவிட்டேன். முன்னால் நின்ற ஆள் கை தூக்கவில்லை.

கேள்வி எதிரே இருந்தவருக்குப் போனது. அவர் முருகன் என்றார். அதுதான் பதில். மலைக்கு முருகன், காட்டுக்குத் திருமால், வயலுக்கு இந்திரன், கடலுக்கு வருணன், பாலைக்குக் கொற்றவை. வருஷா வருஷம் இவள் நடத்துகிற பாடம். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் மலை என்றுதானே கேட்டார்கள். எங்கள் ஊரில் மலை என்றால் ஒன்றுதான். அது சாமி இருக்கிற இடம் இல்லை, அதுவேதான் சாமி. காலையில் கதவைத் திறந்ததும், துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால், அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்குப் பொழுதே ஆரம்பிக்கும். அந்த மேடையில் படித்த பாடம் வாய்க்கு வந்து சேர்வதற்குள் கை கன்னத்துக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது ஜெயித்தவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். மிக்ஸிப் பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தார். "கடல்னு கேட்டிருந்தா நான் எங்க ஊரு மாதா பேரச் சொல்லித் தோத்திருப்பேன் மேடம்" என்றார். நான் சிரித்தேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மிக்ஸிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செஞ்சி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏங்க, இது டிவியில வர வரைக்கும் எடுக்கறேன். அப்புறம் டியூஷனை நிறுத்திடறேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் திணை நடத்துவேன்."

ஒரு கேள்விக்காகவா என்று கேட்டேன். ஒரு கேள்விதான், ஆனால் அவள் பாடத்தில் கேட்ட கேள்வி என்றாள். கிரிக்கெட்டில் தோற்றிருந்தால் ஃபிரிட்ஜோடு போயிருக்கும். இதில் டீச்சரே போய்விட்டாள் என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. திணைப் பாடத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிட்டு இலக்கணம் எடுத்தாள், கடிதம் எழுதவைத்தாள். யார் ஜெயித்தது என்று பிள்ளைகள் நச்சரித்தால் டிவியில் பாருங்கள் என்பாள். டியூஷனை நிறுத்தப் போவதை அவர்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. எங்கள் வீட்டில்தான் பார்ப்போம் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. முன்னறையில் பிள்ளைகள், பிள்ளைகளைப் பெற்றவர்கள், பால்காரம்மா, கடையைச் சாத்திவிட்டு வந்த டீக்கடைக்காரர். என் மனைவி சமையலறையில் எல்லோருக்கும் சுண்டல் தாளித்தபடி வெளியே வராமலே இருந்தாள். அவள் சரியாகச் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் இங்கே தட்டினார்கள். கை தூக்கிக் காட்ட ஆள் தேவைப்படவில்லை.

கடைசிக் கேள்வி வந்தது. மலைக்கு உரிய தெய்வம் யார் என்று தொகுப்பாளர் கேட்டார். டிவியில் இவள் வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் அண்ணாமலையார் என்றார்கள். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிவியில் அவளும் அதையேதான் செய்தாள். அடுத்த நொடி அது தவறான விடை என்று தொகுப்பாளர் சொன்னார்.

முதலில் வாயைத் திறந்தவர் டீக்கடைக்காரர்.

"ஏசி ரூம்ல உக்காந்துனு கேக்கறவனுக்கு மலைய பத்தி என்னா தெரியும்? நாளைக்கு திங்கக்கெழம தானே, கலெக்டராண்ட ஒரு மனு போட்டுடலாம்."

பால்காரம்மா அதைவிட நிதானமாகப் பேசினார். "முருகன் அவரு புள்ளைதானேப்பா. அப்பன் இருக்கறப்போ யாராவது புள்ள பேருக்கு பட்டா மாத்துவாங்களா?"

கூட்டம் அதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவளைக் குறைவாகப் பேசவில்லை. இனி டியூஷனை நிறுத்தக் காரணம் இல்லை என்று நினைத்தேன். அப்போது அவள் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"இல்லைங்க. அவங்க கேட்டது பாட்டுல வர்ற மலை. பதில் முருகன்தான். நான்தான் தப்பா சொன்னேன்."

டீச்சரம்மாவுக்குப் பெரிய மனசு என்றார்கள். எவனையும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க என்றார்கள். அவள் மறுபடியும் சொன்னாள். அதையும் அடக்கம் என்றே வைத்துக்கொண்டார்கள். நல்லா ஏமாத்திட்டானுங்க என்று பேசியபடியே சுண்டலைத் தின்று முடித்தார்கள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், அவளிடம் படிக்கிறவள், பரீட்சையில் இது வந்தால் நானும் அண்ணாமலையார்னுதான் எழுதுவேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அம்மா பெருமையாகத் தலையாட்டினாள்.

எல்லோரும் போன பிறகு என் மனைவி வெகுநேரம் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தார்கள் என்றால் அத்தோடு முடிந்திருக்கும் என்றாள். அப்புறம், "இதுங்க மொத்தமும் பரீட்சையில போய் அதையே எழுதிட்டு வந்துடும்" என்றாள். நிறுத்துவது பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. கேட்டால் நினைவு வந்துவிடுமோ என்று நானும் கேட்கவில்லை.

மறுநாள் கடையைக் கொஞ்சம் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தேன். வாசலில் செருப்புகள் கிடந்தன, எப்போதும் இருப்பதைவிட ஜாஸ்தியாகவே. உள்ளே போகாமல் வண்டியில் சாய்ந்து நின்றேன். திணைதான் நடந்துகொண்டிருந்தது. மலைக்கு உரிய தெய்வம் யார் என்று கேட்டாள். டீச்சர் தோற்ற கேள்விக்கு டீச்சரிடமே பதில் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும். அவள் விடாமல் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டாள். ஒரு பையன்தான் மெதுவாக ஆரம்பித்தான்.

"முருகன்னு எழுதினா அண்ணாமலையார் கோச்சிக்க மாட்டாரா டீச்சர்?"

சிரிப்புச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"உள்ள முருகன்னு எழுது. எழுதி முடிச்சி வெளிய வந்ததும் மலையப் பாத்து கன்னத்துல போட்டுக்கோ. நான் ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சேன், அதான் மிக்ஸி."

மிக்ஸி விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. அந்த வாரமே போர்வையை எடுத்துவிட்டாள். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி சட்னி நன்றாக அரைக்கிறது.

பால்காரம்மா சொன்ன பட்டாவில் என்ன அணி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றாள், இன்னும் சொல்லவில்லை. மலைக் கேள்வியை மட்டும் பிள்ளைகளுக்கு அடுத்த தேர்வில் வைத்தாள். தாள்களை அவள் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரும் முருகன் என்றே எழுதியிருந்தார்கள். செருப்பு மாட்டியபடி பேசிய அந்தப் பெண் மட்டும், முருகன், கமா, அண்ணாமலையார் மகன் என்று எழுதியிருந்தாள். என் மனைவி முருகனுக்கு முழு மதிப்பெண் போட்டாள். கமாவுக்கு அப்பால் இருந்ததன்மேல் சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அடிக்காமல் அடுத்த தாளை எடுத்தாள்.