சாம்பல் நிற மண்

லூர்துவுக்கு நீந்தத் தெரியாது. புனேயில் இத்தனை வருஷமாக நீச்சல் குளங்களைப் பராமரிக்கிறவர் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். "நான் குளத்துக்கு வைத்தியம் பாக்குறவன். குளிக்கிறவங்க வேற ஆளுங்க" என்பார்.

அவருடைய அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்கி ராணுவக் குடியிருப்புக்குச் சமையல்காரராக வந்தவர். லூர்து பிறந்து வளர்ந்ததெல்லாம் போபோடிச் சந்தில். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, ரேஷன் கடையில் மராத்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேம்ப் என்ற பகுதியிலிருந்த கிளப் ஒன்றில் குளம் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த கிழட்டு பம்ப்போடு மல்லுக்கட்டியே தொழிலைப் பழகிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. விமான் நகரில் பெரிய வீடுகள் எழும்பின, சில வீடுகளின் பின்கட்டில் குளமும் வந்தது. லூர்து கிளப்பை விட்டுவிட்டு வீட்டுக் குளங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்படிக் கிடைத்த வீடுதான் வாசுதேவனுடையது. கோயம்புத்தூர்க்காரர், அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது லூர்து யோசிக்கவே இல்லை. எதிர்வீட்டுக் காசிமைக் கூட்டிப்போய் நிறுத்தினார். காசிமின் குடும்பம் வாணியம்பாடிப் பக்கம். தளேகாவ் தொழிற்சாலையில் வேலை போனபின் இரண்டு வருஷம் கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தவர். "என் ஆளு சார். கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்றார் லூர்து. காசிமும் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் செம்மண் கொட்டிப் புல்தரை போட்டார்.

2002 செப்டம்பரில், பிள்ளையார் சதுர்த்தி முடிந்த மறுவாரம், வாசுதேவனின் மனைவி கோதை போன் செய்தாள். "அண்ணா, குளத்துல தண்ணி சுத்தவே மாட்டேங்குதுங்க. பால் ஊத்துன மாதிரி கலங்கிக் கெடக்குது."

லூர்து போய்ப் பார்த்தார். சுவரில் தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு முன் உள்ளங்கையை வைத்தார். நன்றாக ஓடும் குளத்தில் அந்தத் தண்ணீர் கையைத் தள்ளும். இங்கே எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பம்ப் அறைக்கு இறங்கி பிரஷர் முள்ளைப் பார்த்தார். முள் கீழே விழுந்து கிடந்தால் அடைப்பு பம்ப்புக்கு முன்னால், குளத்திலிருந்து உறிஞ்சும் குழாயில். மேலே ஏறி நின்றால் அடைப்பு பம்ப்பைத் தாண்டி, மணல் வடிகட்டியில். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வடிகட்டியைக் கழுவ, தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தினார். வெளியேறும் குழாயில் கூழ் மாதிரி சேறு கொட்டியது. சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை அவர் பார்த்தார்.

வாசுதேவன் படியில் வந்து நின்றார். வெளிநாட்டிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்தார். "என்னங்க இது, இவ்வளவு மண்ணு? போன வாரம் சுத்தம் பண்ணினீங்களா இல்லியா?"

போன வாரம் லூர்து வரவில்லை. அவர்கள் பங்கில் ஒரு வாரம் தள்ளி நடந்த வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு ஜோடனை, தேர், சாப்பாட்டுப் பந்தல் என்று மாதா கோயிலிலேயே கிடந்தார். இப்படி ஒரு வாரம் வராததற்காகத்தான் அவருக்கு முன்னால் குளம் பார்த்தவரை இதே வீட்டில் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "சார், இது தோட்டத்து மண்ணு. மழையில வழிஞ்சு வந்திருக்கு. புல்தரைக்கு வரப்பு கட்டல" என்றார்.

அப்படிச் சொன்னபோது அது பொய் என்று அவருக்கே தோன்றவில்லை. மழை பெய்திருந்தது. மண் இருந்தது. வேறென்ன வேண்டும்?

வாசுதேவன் காசிமைக் கூப்பிட்டு இந்தியில் இரண்டு வாக்கியம் பேசினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்பது இரண்டாவது வாக்கியம். காசிம் திரும்பி லூர்துவைப் பார்த்தார். லூர்து குனிந்து பம்ப் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் கோதை ஏதோ சொல்ல வந்தவள்போல் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் தண்ணீர் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி போன். மழையே இல்லை, தோட்டக்காரரும் இல்லை. முள் மட்டும் மேலே ஏறியிருந்தது.

லூர்து இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார். குளத்தின் ஆழமான மூலையில், அடியில், சேறு படிந்திருந்தது. கரையோரம் எங்கும் வழிந்த தடமில்லை. நீளக் குழாயை இறக்கி அந்தச் சேற்றை உறிஞ்சி வெளியே விட்டார். பம்ப்புக்கு முன்னால் இலை தழையைப் பிடிக்கும் கூடையைத் திறந்தார். இரண்டு வேப்பிலை. அதற்கடியில் இரண்டு குண்டுமணி. சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மராத்திக்காரர்கள் கணபதிக்குக் கண்ணை வரைவார்கள். குண்டுமணி பதிப்பது நம் பக்கத்து ஆட்கள். போபோடியில் பக்கத்து வீட்டுச் சுப்பையா வைக்கும் பிள்ளையாரை வருஷா வருஷம் பார்த்திருக்கிறார்.

கோதை காபியோடு வந்தாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"ஊர்ல கெணத்துலதானுங்க போடுவோம்" என்றாள். "இங்க கெணறேது? அவரு ஊர்ல இல்ல, ஆத்துல கொண்டு போய் விட்டுருன்னு போன்ல சொன்னாரு. அந்த ஆத்துப் பக்கம் மூக்கைத் திறக்க முடியுதாண்ணா? கும்பிட்ட சாமியை அதுக்குள்ள எப்படிப் போடறது? பச்சைக் களிமண்ணு, கரைஞ்சு போயிரும்னு நெனச்சேன்."

"கரைஞ்சுதான் போச்சும்மா. போன எடந்தான் சரியில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்து, உடனே நின்றுவிட்டது. "மண்ணுன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துச்சுங்க. ஆனா நீங்க தோட்டத்து மண்ணுன்னு அடிச்சுச் சொன்னீங்க. தொழில் தெரிஞ்சவர் சொல்றாரே, அப்ப நம்மளுது இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

லூர்து குண்டுமணி இரண்டையும் தம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று மாலை கோதை கணவனிடம் சொல்லிவிட்டாள். வாசுதேவன் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம விநாயகர் வடிகட்டிக்குள்ள போய்க் குடியேறிட்டாரா? சரி, அந்த ஆளை வரச் சொல்லிருங்க லூர்து." அவ்வளவுதான். அனுப்பவும் ஒரு வாக்கியம், கூப்பிடவும் ஒரு வாக்கியம்.

காசிம் வீட்டு வாசலில் உட்கார்ந்து புல் வெட்டும் கத்தரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். லூர்து நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். காசிம் நிமிரவில்லை.

"சாருக்கு மண்ணு தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. நீ பக்கத்துல நின்னவன். நான் கொட்டுனது செம்மண்ணு. அன்னைக்குக் குழாயில வந்தது இன்னா கலரு?"

"சாம்பல்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

மழை என்று ஆரம்பிக்கலாம். லூர்துவின் வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. "போன வாரம் நான் வேலைக்குப் போகல காசிம். என் தலையில விழுந்திருமோன்னு பயந்துட்டேன்."

காசிம் கத்தரியைக் கீழே வைத்தார். "சபியா, இங்க வா" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி ஈரக்கையோடு வந்தாள். "இவகிட்ட சொல்லு. நாலு நாளா சந்துல தலை காட்ட முடியல இவளால. புருஷன் குளத்துல மண்ணள்ளிப் போட்டான்னு தண்ணிக் குழாயடியில கேக்கறாளுங்க."

லூர்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது சுருங்கவில்லை, நீண்டது.

"சாமியோட கண்ணு ரெண்டும் கூடையில கெடைச்சுது" என்றாள் சபியா. "உங்க கண்ணு அன்னைக்கு எங்க இருந்துச்சு அண்ணே?"

உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"வேலைக்கு வர்றன்" என்றார் காசிம். "எனக்கு வேற வேலை இல்ல, தெரியுமே உனக்கு. ஆனா நீ சொல்லி நான் வந்ததா இருக்கக் கூடாது. ஒரு தடவை நீ சொல்லிப் போனேன், நீ சொல்லி வந்துட்டேன். போதும். அந்தம்மா இங்க வந்து கூப்டட்டும். இந்த வாசல்ல, நாலு பேர் பாக்க."

"அவங்க எப்படிப்பா இங்க..."

"அது அவங்க பாடு."

லூர்து முனையிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றார். இதைச் சொன்னால் அந்த வீட்டு வேலை தனக்கும் இருக்குமோ இருக்காதோ. கோதைக்குப் போன் போட்டு, தான் போன வாரம் வராததை முதலில் சொன்னார், பிறகு காசிம் கேட்டதைச் சொன்னார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அந்தப் பக்கம் கோதை இழுப்பறையைத் திறந்து பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"போபோடிக்கு எப்படிங்கண்ணா வரணும்?"